ஹோல்ஸ்டெகின் பல்லி

செரஃபீனுக்குப் பல்லி என்றால் ஆகாது. வீட்டுச் சுவரில் ஒன்று ஊர்ந்தால் துடைப்பத்தைத் தூக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் பதினோரு வருஷமாகப் பல்லிகளுக்குக் காவல் இருந்ததை அவள் ஊரான ரிவியேர் கோகோவில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வேலை அப்படி வாய்த்துவிட்டது, என்ன செய்ய. இருபது வருஷம் காயலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேய்க்கணவாய் குத்தியவள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனபோது, மார்மித் தீவுக்குக் காவலாள் வேண்டும் என்று வனத்துறையில் கேட்டார்கள். போனாள்.

மார்மித் என்றால் சட்டி. கவிழ்த்த சட்டி மாதிரி காயலின் ஓரத்தில் கிடக்கும் தீவு. நடந்தால் கால் மணியில் சுற்றி வந்துவிடலாம். வெள்ளை வெளேரென்று செத்த பவளப் பாறைகள் பலகை பலகையாக உடைந்து கிடக்கும். அந்தப் பலகைகளுக்கு அடியில், கட்டை விரல் நீளத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பல்லி. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவள் ஊர் இருக்கும் பெரிய தீவான ரொட்ரீக்ஸில் முன்னொரு காலத்தில் இருந்ததாம், எலி தின்று தீர்த்துவிட்டது. மார்மித்தில் எலி இல்லை. இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் செரஃபீனின் வேலை. வருகிற படகின் மூட்டை முடிச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும், எலிப்பொறிகளைச் சோதிக்க வேண்டும், மாதம் ஒரு தரம் பகலில் பலகைகளைப் புரட்டிப் பல்லிகளை எண்ண வேண்டும். நூற்றுத் தொண்ணூறு பலகைகளுக்கு நீலச் சாயத்தில் எண் போட்டிருந்தாள். புரட்டிய பலகையைப் பச்சைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் அதே இடத்தில், அதே பக்கமாக வைப்பாள். பல்லியைக் கையில் பிடிக்கும்போது மட்டும் தோள்பட்டை வரை கூசும். பதினோரு வருஷத்திலும் அது போகவில்லை.

ஆனால் கண் இருந்தது. தண்ணீருக்கடியில் கல்லா கணவாயா என்று இருபது வருஷம் பார்த்துப் பழகிய கண். துறையின் கையேட்டில், இது மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளில் உள்ள பல்லியேதான், அதே பெயர்தான் என்று அச்சடித்திருந்தது. அந்தப் பல்லி முட்டையை மணலில் சும்மா விட்டுவிட்டுப் போய்விடும் என்றும் போட்டிருந்தது. செரஃபீன் பார்த்த பல்லியோ முட்டையை இரண்டிரண்டாகப் பலகையின் அடியில் பசை போட்டதுபோல் ஒட்டி வைத்தது. பிய்த்தால் ஓடு உடையும், ஒட்டு விடாது. இரண்டாம் வருஷமே துறைக்கு எழுதினாள். பதில் இல்லை. அப்புறம் வருஷம் தவறாமல் எழுதினாள். ஒரு தரம் மேலதிகாரி நேரில் வந்தபோது சொன்னாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "மதாம், நீங்க எண்ணிக்கையை மட்டும் எழுதினா போதும்" என்றார்.

ஒன்பதாம் வருஷம் பெல்ஜியத்திலிருந்து டாக்டர் வெர்மெய்ர் வந்தார். பல்லிகளை வகைபிரித்துப் பெயர் வைப்பதுதான் அவருக்குத் தொழில். ஒல்லியான ஆள். வெள்ளை விரல்கள், மெதுவான பேச்சு. செரஃபீன் முட்டையைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. ஒட்டுதா?"

"ஒட்டுது. நூத்திநாலாம் பலகையில இப்பவே ரெண்டு சோடி இருக்கு. வாங்க, காட்டறேன்."

பார்த்தார். மண்டியிட்டு, மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். எழுந்து அவளுக்குக் கைகொடுத்தார். "மதாம் செரஃபீன், நீங்க காவலாள் இல்லை. நீங்க என் சக விஞ்ஞானி."

அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பி வரும்போது, படகு ஓட்டிய காஸ்தோன் அவளைச் சீண்டிக்கொண்டே வந்தான். அவன் அவளுடைய சித்தப்பா மகன், ஒரே வயது.

"சக விஞ்ஞானி அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. படகு ஒரு பக்கமா சாயுது."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

"இனிமே எங்க கூடல்லாம் பேசுவியா, இல்லை லத்தீன்ல மட்டும்தானா?"

புது இனம் என்று நிரூபிக்க உடல்கள் வேண்டும். எட்டுப் பல்லிகளுக்குத்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். செரஃபீன்தான் பிடித்துக் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டு, சாகும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு வாயைத் திறந்து, விரல்களை விரித்து, மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி விறைக்கவிட்டு, காலில் சீட்டுக் கட்டிச் சாராய ஜாடியில் போட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவர் பொறுமையாக விளக்கினார். எட்டு போனால்தான் மிச்சத்துக்கு ஒரு பெயர் கிடைக்கும். பெயர் இருந்தால்தான் அதைக் காப்பாற்று என்று யாரிடமும் கேட்க முடியும். சரிதான் என்று பட்டது. ஊருக்குப் புறப்படும் முன் அவளுடைய வரைபடத்தைக் கேட்டார். நூற்றுத் தொண்ணூறு பலகைகளும் எங்கெங்கே, எதில் எத்தனை இருக்கும், முட்டை எதில் என்று அவள் பென்சிலால் வரைந்தது. அதை யாருக்கும் கொடுத்ததில்லை. அவருக்குக் கொடுத்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கட்டுரை வந்தது. துறையில் இரண்டு பிரதிகள் எடுத்துக் கொடுத்தார்கள். முட்டையைப் பற்றி நாலு பத்தி இருந்தது. நன்றி சொல்லும் இடத்தில் "உள்ளூர் உதவியாளர்கள்" என்று இரண்டு சொல். அது அவளை உறுத்தவில்லை. பல்லிக்கு வைத்த லத்தீன் பெயர் ஹோல்ஸ்டெகி, ஹோல்ஸ்டெக் என்பவரின் பெயரால்.

"யாரு அது ஹோல்ஸ்டெக்?" என்று காஸ்தோன் கேட்டான்.

"டாக்டரோட பயணச் செலவை ஏத்துக்கிட்டவராம். பல்லி வளர்க்கிறவராம். மரியாதைக்காக வச்சிருக்காங்க."

"நான் மூணு வாரம் படகு ஓட்டினேன். என் பேரை ஒரு நண்டுக்காவது வச்சிருக்கலாம்."

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் தீவு இருக்கும் இடத்தைப் புள்ளி பிசகாமல் போட்டிருந்தது. கீழே ஒரு வரி: பகலிலேயே பலகைகளைப் புரட்டி எளிதில் பிடிக்கலாம். அந்த வரியை செரஃபீன் இரண்டு தரம் படித்தாள். யாருக்காக இதை எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. பெரியவர்கள் விஷயம், இருக்கும் என்று விட்டுவிட்டாள். இதற்காக அப்புறம் எத்தனையோ நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமைக் காலை. ஞாயிறு பூசைக்காகக் கரையில் இருந்துவிட்டு இருவரும் தீவுக்குப் போனார்கள். கரையேறியதுமே காஸ்தோன், "செரஃபீன், இது நம்ம வேலை இல்லையே" என்றான்.

பலகைகள் மல்லாந்து கிடந்தன. பத்து இருபது அல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. புரட்டிப் போட்டவர்கள் ஒன்றைக்கூடத் திருப்பி வைக்கவில்லை. ஈரமாக, இருட்டாக இருக்க வேண்டிய அடிப்பக்கம் வெயிலில் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. முட்டைகள் நசுங்கி மஞ்சளாக வழிந்து, அதில் எறும்பு மொய்த்தது. சில பலகைகளின் ஓரம் உளியால் பெயர்க்கப்பட்டிருந்தது. முட்டை ஒட்டியிருந்த துண்டுகளை மட்டும் அளவாக உடைத்து எடுத்திருக்கிறார்கள். இங்கும் அங்கும் அறுந்த வால்கள் கிடந்தன. பிடிபடும்போது பல்லி வாலை உதறிவிடும். காய்ந்த புழு மாதிரி அவை மணலில் சுருண்டிருந்தன. ஒரு பாறை இடுக்கில் மனித மலமும் அதைத் துடைத்த காகிதமும்.

செரஃபீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, முதல் பலகையைத் திருப்பி வைத்தாள். மாலை வரை இருவரும் அதையே செய்தார்கள். நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து விமான நிலையத்திலிருந்து ஆள் வந்தது. சுங்கத்தில் வேலை பார்க்கும் மிலேன் என்ற பெண் அனுப்பியிருந்தாள். ஒரு பயணியின் பையில் என்னவோ அசைகிறது, எந்தப் பல்லி என்று சொல்ல இந்தத் தீவில் உங்களைவிட்டால் ஆள் இல்லை, உடனே வாருங்கள் என்று.

போனாள். மேசைமேல் ஆண்கள் அணியும் காலுறைகள் பதினாலு பதினைந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு ஒரு பல்லி.

"தாந்தின், நான் ரெண்டைத்தான் அவிழ்த்தேன்" என்றாள் மிலேன். தாந்தின் என்றால் அத்தை, வயதில் பெரியவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூக்கை முழங்கையால் மறைத்திருந்தாள். "அதுக்கு மேல முடியலை."

நாற்றம் கண்ணைக் கரித்தது. எச்சமும் அழுகலும் கால் வியர்வையும் ஒன்றாகக் கலந்த நாற்றம். துவைக்காத காலுறைகள். செரஃபீன் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். உயிருள்ளது ஒரு பெட்டியில், செத்தது ஒரு தட்டில். செத்ததில் சில ஏற்கெனவே கூழாகி நூலோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டியிருந்தது. அறுபத்து நாலு. அதில் நாற்பத்தொன்று செத்துப்போயிருந்தது. எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் இரண்டைக் கழுவி, பஞ்சு சுற்றிப் பவளத் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். துண்டுக்குத் துண்டு முட்டைகள்.

அறையின் மறுகோடியில் அந்தப் பயணி உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். சுத்தமாகச் சவரம் செய்த முகம். மதியச் சாப்பாட்டுக்கு அவருக்குப் பேய்க்கணவாய் சாலட் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவள் வழித்துக்கொண்டிருந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டியால் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாக் கையாளச் சொல்லுங்க, அதெல்லாம் ரொம்ப மென்மையான உயிர்" என்றார் மிலேனிடம்.

"இந்த ஆள் பேர் என்ன?" என்று செரஃபீன் கேட்டாள்.

மிலேன் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். "ஹோல்ஸ்டெக்."

பைக்குள் அந்தக் கட்டுரை இருந்தது. அதற்குள் மடித்து வைத்த ஒரு தாள். செரஃபீன் பிரித்தாள். அவளுடைய வரைபடம். அவளுடைய கையெழுத்து, அவள் போட்ட எண்கள். மூலத்தில் காஸ்தோன் என்ஜின் எண்ணெய்க் கையை வைத்துவிட்ட கறைகூட நகலில் சாம்பல் திட்டாக விழுந்திருந்தது. நல்ல பலகைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தாள். நாற்றத்தால் என்று மிலேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்றத்தால் அல்ல.

வழக்கு ஜூனில் வந்தது. விசாரணைக்கு முந்திய நாள் அரசு வக்கீல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இளைஞர், மொரீஷியஸிலிருந்து வந்திருந்தவர். கழுத்துப்பட்டையை நெருடிக்கொண்டே பேசினார்.

"மதாம், ஒரு சிக்கல். பாதுகாக்கப்பட்ட விலங்குகளோட பட்டியல் ஒண்ணு சட்டத்துல இருக்கு. அதுல உங்க பல்லி பழைய பேர்லதான் இருக்கு. மொரீஷியஸ் பல்லியோட பேர்ல."

"சரி."

"இப்ப அந்தக் கட்டுரை வந்து, இது வேற இனம்னு ஆயிடுச்சு. புதுப் பேர் பட்டியல்ல இல்லை. யாரும் சேர்க்கலை. அப்ப இந்தப் பல்லியைப் பிடிச்சா எந்தச் சட்டத்தையும் மீறினதா ஆகாதுன்னு எதிர்த்தரப்பு சொல்லப்போகுது."

செரஃபீனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அதாவது, பேர் வைக்காம இருந்திருந்தா இந்த ஆள் உள்ள போயிருப்பான்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு வழி இருக்கு. நீங்க கூண்டுல ஏறி, ரெண்டும் ஒண்ணுதான், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலைன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். பதினோரு வருஷம் பாத்தவங்க. மாஜிஸ்திரேட் உங்களைத்தான் நம்புவார்."

இத்தனை வருஷம் உண்மையைச் சொன்னபோது நம்பாதவர்கள், ஒரு பொய்க்காக இப்போது அவளை நம்பத் தயாராக இருந்தார்கள். அந்த இளைஞரின் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த அறை, மேசை, கோப்பு எல்லாமே பிசுபிசுப்பாக இருப்பதுபோல் தோன்றியது. கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பின் நிபுணராக வந்து கூண்டில் ஏறியவர் டாக்டர் வெர்மெய்ர்.

இது அவளுக்குத் தெரியாது. முதல் வரிசையில் அவரைப் பார்த்தபோது நம் பக்கம் பேசத்தான் வந்திருக்கிறார் என்றுகூட நினைத்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். கூண்டில் அதே மெதுவான குரலில், அழகாகப் பேசினார். எலும்பு, செதில், மரபணு, எல்லாம். இரண்டும் வேறு வேறு இனம், ஐயமே இல்லை, அதை நிரூபித்ததே நான்தான் என்றார். ஹோல்ஸ்டெகைத் தெரியுமா என்று கேட்டார்கள். நண்பர் என்றார்.

அடுத்து செரஃபீன். பைபிளில் கை வைத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அம்மாள் சிரித்த முகத்தோடு கேட்டாள். "மதாம், மார்மித் தீவுப் பல்லி முட்டையைப் பலகையில ஒட்டி வைக்குமா, இல்லை சும்மா விடுமா?"

அரசு வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் துணிச்சல் இல்லாமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது அந்தப் பொய். ஆனால் நூற்றிநாலாம் பலகையில் அந்த இரண்டு சோடி முட்டையைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால், கூண்டிலிருந்து இறங்கும்போது தானும் இவர்களில் ஒருத்தியாக இறங்க வேண்டியிருக்கும்.

"ஒட்டும்" என்றாள்.

"மொரீஷியஸ் பல்லி?"

"ஒட்டாதுன்னு சொல்றாங்க. நான் பார்த்ததில்லை."

"ஆக, ரெண்டும் வேற?"

"வேற."

முதல் வரிசையில் டாக்டர், சரியான விடை சொன்ன மாணவியைப் பார்ப்பதுபோல் மலர்ந்து தலையாட்டினார். செரஃபீனுக்கு உடம்பெல்லாம் எதுவோ ஊர்ந்த மாதிரி இருந்தது.

பல்லிக் குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. அனுமதியில்லாமல் தீவில் இறங்கியதற்கும் பவளத்தை உடைத்ததற்கும் அபராதம் போட்டார்கள். அந்த அம்மாள் எழுந்து, பல்லிகள் சட்டத்துக்கு விரோதமானவை அல்ல என்று ஆகிவிட்டதால் உயிரோடு இருப்பவற்றை என் கட்சிக்காரரிடம் திருப்பித் தரவேண்டும் என்றும் கேட்டுப் பார்த்தாள். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "உட்காருங்க" என்றார். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான் செரஃபீனுக்குக் கிடைத்தது.

படியிறங்கும்போது டாக்டர் பின்னாலேயே வந்தார்.

"மதாம் செரஃபீன். இன்னைக்கு நீங்க ஒரு உண்மையான விஞ்ஞானி மாதிரி நடந்துக்கிட்டீங்க."

"என் படம் எப்படி அந்த ஆள் கைக்குப் போச்சு?"

அவர் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குப் பிற்பாடு தோன்றியது. "நான்தான் கொடுத்தேன். கோபப்படாம யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு தீவு. ஒரு புயல் போதும், ஒரே ஒரு சினை எலி போதும், எல்லாம் போச்சு. ஐரோப்பாவுல அம்பது அறுபது கண்ணாடிப் பெட்டியில இந்தப் பல்லி இருந்தா, இனம் அழியாது. ஹோல்ஸ்டெக் நல்லா வளர்ப்பார். அவர் அவசரப்பட்டுட்டார், அவ்வளவுதான்."

"காலுறைக்குள்ள நாப்பத்தொண்ணு கூழாப் போச்சு. நான் கரண்டியால வழிச்சேன்."

"வருத்தமான விஷயம்தான். கொண்டுபோற முறை சரியில்லை." அவர் அவள் தோளில் கை வைத்தார். "பக்கத்துத் தீவுல இன்னொரு பல்லி இருக்கு, அதுவும் புதுசுன்னு நினைக்கிறேன். அதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன். என்றைக்கும் இருக்கும் உங்க பேர்."

தோளில் இருந்த அந்த வெள்ளை விரல்களைச் செரஃபீன் பார்த்தாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், தெருவில் உரக்கப் பேசாதவள். அவருடைய காலுக்குப் பக்கத்தில், நீதிமன்றப் படியிலேயே, காறித் துப்பினாள்.

பேருந்து ரிவியேர் கோகோ இறக்கத்தில் இறங்கும்போது காஸ்தோன் சொன்னான். "அவர் கால்மேலயே துப்பியிருக்கலாம்."

"குறி தப்பிடுச்சு" என்றாள்.

உயிரோடு மிஞ்சிய இருபத்து மூன்றையும் உடனே தீவில் விட முடியவில்லை. அந்தக் காலுறைகளில் எந்த நோய் ஒட்டியிருக்குமோ என்று ஆறு மாதம் தனியே வைத்திருக்கச் சொன்னார்கள். துறையின் பின்கட்டில் பெட்டிகளில் வைத்து, செரஃபீன் தினமும் கறையான் பொறுக்கிப் போட்டாள், எச்சம் வழித்தாள். ஒவ்வொன்றாகச் செத்தன. எட்டுதான் கடைசியில் தீவுக்குத் திரும்பின.

வழக்கு முடிந்ததிலிருந்து சனிக்கிழமை தோறும் சந்தைக்குப் போகிற பேருந்தில் ஏறி, பட்டியல் திருத்தும் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் முதலில் படிவம் இல்லை என்றார். பிறகு படிவம் தவறு என்றார். நாலாம் வாரம் அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மதாம், இன்னைக்கு முடிச்சிடலாம். உங்களைப் பார்த்தா என் பெண்டாட்டி ஞாபகம் வருது, அவளும் விடமாட்டா" என்றார்.

விலங்கின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"வேற பேர் எழுதலாமா?" என்று கேட்டாள். "நாங்க சாம்பப் பல்லின்னு சொல்லுவோம்."

"அச்சுல வந்த லத்தீன் பேர்தான் செல்லுமாம். நான் கேட்டுப் பார்த்துட்டேன். ஒருதரம் வச்சா வச்சதுதான். வச்சவன் திருடனா யோக்கியனான்னு அவங்க பாக்கறதில்லையாம்."

அவள் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிழையில்லாமல். மீன் குடலை உருவுகிற முகத்தோடு எழுதினாள் என்று எழுத்தர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அவள் போன பிறகு அந்தப் பேனாவைத் தான் துடைத்து வைத்ததாகவும் சொன்னார். அது அவராகச் சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். எட்டு மாதத்தில் அரசிதழில் வந்தது. ஹோல்ஸ்டெகின் பல்லியை ஹோல்ஸ்டெக் தொட்டால் இனி சிறை. செரஃபீனுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மாதாமாதம் எண்ணிக்கைத் தாளில் அந்த ஆளின் பெயரைத் தலைப்பாக எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டுக் கை கழுவுவாள்.

மறுவருஷம் செப்டம்பரில் டாக்டர் வெர்மெய்ர் திரும்பவும் வந்தார். கையில் அனுமதிச் சீட்டு இருந்தது. மேலே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மரபணு ஆராய்ச்சிக்காக வால் நுனிகள் சேகரிக்க நாலு நாள். அவருக்கு அனுமதி கொடுக்க மேலே இருப்பவர்களுக்கு மனம் வந்தது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போலி இல்லை.

"மதாம் செரஃபீன்" என்று அவர் கைநீட்டினார். எதுவுமே நடக்காதது போன்ற முகம்.

அவள் கைகொடுக்கவில்லை. "பையைத் திறங்க. தீவுக்குப் போற எல்லாரோட பையையும் பார்க்கணும். விதை, எறும்பு, எலி. சட்டம்."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியும். சப்பாத்தையும் கழட்டுங்க."

பையில் ஒன்றுமில்லை. சப்பாத்தின் அடிப்பக்கத்தில் ஈரமண் இருந்தது. காலுறை முழுக்க ஆட்டுப்புல் முள் விதை. ஒன்று தீவில் விழுந்தால் இரண்டு வருஷத்தில் பலகைகளை மூடிவிடும் சனியன் அது. செரஃபீன் காலுறையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"இதோட போக முடியாது. எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

காஸ்தோன் என்ஜினை அணைத்துவிட்டுப் படகில் மல்லாந்தான். டாக்டர் படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து முள் பொறுக்க ஆரம்பித்தார். இரண்டு மணிக்கு மேல் தண்ணீர் வடிந்துவிட்டால் காயலில் படகு ஓடாது. அவர் பொறுக்கி முடித்தபோது மூன்று.

இரண்டாம் நாள் புதுக் காலுறையோடு வந்தார். பையின் ஒட்டுப்பட்டையில் விதைகள் இருந்தன. மூன்றாம் நாள் அவர் கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தில் எறும்பு. அவள் எதையும் இட்டுக்கட்டவில்லை. இருந்ததைத்தான் காட்டினாள். மற்ற படகுகளுக்குக் காட்டுவதைவிடக் கொஞ்சம் நிதானமாகக் காட்டினாள், அவ்வளவுதான்.

"இது பழிவாங்குறது, மதாம்" என்றார் மூன்றாம் நாள். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "உங்க கோபத்துக்காக ஒரு இனத்தோட ஆராய்ச்சியையே கெடுக்கறீங்க."

"நீங்கதானே சொன்னீங்க டாக்டர், ஒரு எலி போதும்னு. எனக்கு எறும்பே போதும்."

"நான் மேலே எழுதுவேன்."

"எழுதுங்க. நானும் வருஷா வருஷம் எழுதினேன். யாராவது படிப்பாங்க."

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பசித்தது. கொண்டுவந்த சோளக்கூழும் அவரைக்காயும் அப்படியே இருந்தன. அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களால் காலுறையைத் துழாவிக்கொண்டிருக்கும்வரை அவளால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை.

நாலாம் நாள் அவர் வரவில்லை. காலை விமானத்தில் ஏறிவிட்டதாக மிலேன் தொலைபேசியில் சொன்னாள். செரஃபீன் ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டு, அவர் உட்கார்ந்த பெஞ்சைத் தேய்த்துக் கழுவினாள். காஸ்தோன் இன்னொரு வாளி மொண்டுவந்து கொடுத்தான். பிறகு இருவரும் படகைத் தள்ளிக்கொண்டு தீவுக்குப் போய், அந்த மாத எண்ணிக்கையை எடுத்தார்கள். இருநூற்று ஆறு இருந்தன, பலகைகள் புரண்ட அந்த ஏப்ரலுக்குப் பிறகு எண்ணியதிலேயே அதிகம்.